ஐம்பதைக் கடக்கும் பெண்ணுடல்: எது முதுமை, எது மாதவிடாய் நிற்பதன் விளைவு, எது நோய்?

கேள்வி: "என் அம்மாவுக்கு 51 வயது. மாதவிடாய் நின்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இரவில் வியர்த்துக் கொட்டுகிறது, எடை கூடிவிட்டது, முழங்கால் வலிக்கிறது, இருமினால் சிறுநீர் கசிகிறது. 'வயதானால் இதெல்லாம் வரத்தான் செய்யும்' என்று சொல்லி மருத்துவரிடம் வர மறுக்கிறார். பெண்களுக்கு வயது ஏறும்போது உடலில் என்னதான் நடக்கிறது?"

உங்கள் அம்மா சொல்வதில் பாதி உண்மை இருப்பதால்தான் அவரிடம் வாதாடுவது கடினமாக இருக்கிறது. 45க்கும் 60க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் பெண்ணுடலில் தெரியும் மாற்றங்களுக்கு மூன்று தனித்தனிக் காரணங்கள் உண்டு. ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக மெல்ல மெல்ல நடக்கும் முதுமை ஒன்று. சினைப்பைகள் ஓய்ந்து, அவை சுரக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சில ஆண்டுகளுக்குள் சரிந்துவிடுவது மற்றொன்று. இவ்விரண்டின் மறைவில் யார் கண்ணிலும் படாமல் வளரும் நோய் மூன்றாவது. வெளியே தெரியும் தொந்தரவு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் காரணத்துக்கேற்பச் செய்ய வேண்டியது மாறும். களைப்பு என்ற ஒன்றையே எடுத்துக்கொண்டால், அது இரவுத் தூக்கம் கெட்டதால் வரலாம், தைராய்டு குறைவால் வரலாம், இரத்தசோகையால் வரலாம், இதயம் தரும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். மற்றவற்றைப் பரிசோதித்து விலக்கிய பிறகே "வயதாகிவிட்டது" என்ற முடிவுக்கு வருவது முறை.

சினைப்பையிலிருந்து தொடங்குகிறேன். பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கின்றன. பருவமடையும் வயதில் அவை மூன்று, நான்கு லட்சமாகக் குறைந்திருக்கும். அவற்றில் முதிர்ந்து வெளிவருபவை வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து 400 அல்லது 500தான். மற்றவை தாமாகவே அழிந்துவிடுகின்றன. எஞ்சியவை ஆயிரத்துக்குக் கீழ் குறையும் கட்டத்தில் மாதவிடாய் நிற்கிறது. மேலை நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் நடக்கிறது. இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதை ஒட்டியே வந்துவிடுகிறது. தொடர்ந்து 12 மாதங்கள் வராதிருந்தால்தான் முற்றிலும் நின்றுவிட்டதாகக் கொள்வோம். 40 வயதுக்கு முன்பே நின்றுவிட்டால் அது இயல்பானதல்ல. உடனே காரணம் தேட வேண்டும்.

நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகள்தான் பலருக்கு அதிகக் குழப்பம் தருபவை. ஒரு மாதம் இருபது நாளில் வரும், அடுத்து இரண்டு மாதம் வராது, பிறகு கட்டிகட்டியாகப் பல நாள் போகும். கருமுட்டை வெளிவராத மாதங்களில் கருப்பையின் உட்சவ்வு தடித்து, பிறகு மொத்தமாக உதிர்வதே இதற்குப் பெரும்பாலும் காரணம். கருப்பையில் நார்க்கட்டி இருந்தால் இரத்தப்போக்கு இன்னும் கூடும். "நிற்கப்போகிற நேரம், அப்படித்தான் இருக்கும்" என்று பொறுத்துக்கொண்டு, ஹீமோகுளோபின் ஏழு, எட்டுக்கு இறங்கிய நிலையில் மாடிப்படி ஏற முடியாமல் மூச்சுவாங்கி வருபவர்கள் புறநோயாளிகள் பிரிவில் அன்றாடக் காட்சி. இந்தக் காலத்தில் கருத்தரிப்பதற்கும் வாய்ப்பு உண்டு என்பதை, நாற்பதுகளின் நடுவில் இருப்பவர்கள் மறந்துவிடக் கூடாது.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்லத் தோன்றுகிறது. போக்கு அதிகமாக இருக்கிறது என்றவுடன் கர்ப்பப்பையை எடுத்துவிடும் பழக்கம் நம் நாட்டில் கவலை தரும் அளவுக்கு இருக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வுகளில் ஆந்திரமும் தெலங்கானாவும் இதில் முன்னிலையில் இருக்கின்றன. அறுவை செய்துகொண்டவர்களின் வயது பெரும்பாலும் முப்பதுகளில்தான் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், மாதவிடாயால் கூலி இழக்கக் கூடாதென்று கரும்பு வெட்டும் பெண்கள் கர்ப்பப்பையை எடுத்துக்கொள்ளும் நிலை இருந்தது 2019இல் வெளியே தெரிந்து பெரும் விவாதமானது. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், இயற்கை பல ஆண்டுகளில் படிப்படியாகச் செய்வது ஒரே நாளில் நடந்துவிடும். எலும்பும் இதயமும் அதற்கான விலையை முன்கூட்டியே கொடுக்கத் தொடங்கும். சினைப்பைகளை விட்டுவைத்தாலும் அவை சில ஆண்டுகள் முன்னதாகவே ஓய்ந்துவிடக்கூடும். மாத்திரை, காப்பர்-டி போலக் கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் என்று வேறு வழிகள் இருக்கும்போது, அறுவை முதல் யோசனையாக வந்தால் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது நல்லது.

உங்கள் அம்மாவின் இரவு வியர்வைக்கு வருவோம். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அதன் சகிப்பு வரம்பு சுருங்கிவிடுகிறது. முன்பெல்லாம் பொருட்படுத்தாத சிறு வெப்ப ஏற்றத்தைக்கூட அது ஆபத்தாக எடுத்துக்கொண்டு, தோலின் இரத்த நாளங்களை விரித்து, வியர்வையைத் திறந்துவிடுகிறது. மார்பிலிருந்து கழுத்து, முகம் என்று குப்பென்று சூடு ஏறும், படபடக்கும், சில நிமிடங்களில் நனைந்து குளிரும். அமெரிக்காவில் 1996 முதல் ஆயிரக்கணக்கான பெண்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில், அடிக்கடி இத்தகைய வெப்ப அலைகள் வருபவர்களுக்கு பாதிப் பேருக்கு அவை 7.4 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தன என்று தெரியவந்தது. ஆறு மாதத்தில் போய்விடும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. இரவில் மூன்று, நான்கு முறை விழித்துக்கொண்டால் மறுநாள் எரிச்சலும் மறதியும் வருவது இயற்கைதான். அந்த மறதியைப் பார்த்து "எனக்கு அல்சைமர் வந்துவிட்டதோ" என்று அஞ்சுபவர்கள் பலர். பெரும்பாலும் தூக்கம் சீரானால் அது தெளிந்துவிடும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இரவு வியர்வையோடு எடை குறைந்தாலோ, மாலைக் காய்ச்சல் இருந்தாலோ கதை வேறு. காசநோயையும் தைராய்டு மிகுதியையும் அங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

குறைந்த ஈஸ்ட்ரோஜனை ஈடுசெய்யத் தரும் ஹார்மோன் மருந்தைப் பற்றிச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. 2002இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்றில், இரண்டு ஹார்மோன்களைச் சேர்த்து உட்கொண்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று தெரிந்து அந்தப் பகுதி பாதியிலேயே நிறுத்தப்பட்டது. உலகமெங்கும் பெண்கள் மருந்தைக் கைவிட்டார்கள். அந்த அதிகரிப்பு ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களில் எட்டுப் பேர் என்பதும், பங்கேற்றவர்களின் சராசரி வயது 63 என்பதும் செய்திகளில் அவ்வளவாக இடம்பெறவில்லை. கர்ப்பப்பை இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்துக்கொண்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. இன்றைய நிலைப்பாடு இதுதான்: 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குள், தொந்தரவு அதிகம் உள்ளவர்களுக்கு நன்மை பெரும்பாலும் தீமையை விட அதிகம். மார்பகப் புற்றுநோய், இரத்த உறைவு, பக்கவாதம், கடுமையான கல்லீரல் நோய் வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் அது கூடாது. கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோனும் சேர்த்தே எடுக்க வேண்டும். தனி ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சவ்வைத் தடிக்கச் செய்து புற்றுநோய்க்கு வழிவிடும். ஹார்மோன் வேண்டாதவர்களுக்கு வேறு மாத்திரைகளும் உள்ளன. மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகள் குறைந்த அளவில் வெப்ப அலையைக் கணிசமாகக் குறைக்கும். அந்தச் சீட்டைப் பார்த்து, "என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார்" என்று கோபித்துக்கொள்ளத் தேவையில்லை.

வியர்வை வெளியே தெரியும், எலும்பு கரைவது தெரியாது. அதனாலேயே எலும்பை நான் பெரிதாக நினைக்கிறேன். முப்பது வயதை ஒட்டி எலும்பின் அடர்த்தி உச்சத்தை எட்டுகிறது. பழைய எலும்பை அரிக்கும் அணுக்களும் புதிதாகக் கட்டும் அணுக்களும் அதுவரை ஈடுகொடுத்து வேலை செய்கின்றன. அரிப்பவற்றை அடக்கிவைத்திருந்த ஈஸ்ட்ரோஜன் போனதும் கணக்கு ஒரு பக்கம் சாய்கிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் அடர்த்தியில் 20 சதவீதம் வரை இழக்க நேரிடலாம். வலி ஏதும் இருக்காது. முதல் அறிகுறி பெரும்பாலும் மணிக்கட்டில் வரும்: ஈரமான குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததற்கே எலும்பு முறிந்துவிடும். அடுத்தது முதுகெலும்பு. அங்கே முறிவு எப்போதும் படாரென்று தெரிவதில்லை. குடத்தைத் தூக்கும்போதோ குனிந்து பெருக்கும்போதோ ஒரு முள்ளெலும்பு முன்புறமாக நசுங்கும், "முதுகுப் பிடிப்பு" என்று தைலம் தேய்த்துக்கொள்வார்கள். நாளடைவில் உயரம் குறையும். எட்டிய பரண் எட்டாமல் போவதும், பல ஆண்டுகளாக ஒரே அளவில் தைத்த உள்பாவாடை தரையில் புரளத் தொடங்குவதும் இதன் தடயங்கள். இளவயது உயரத்தை விட நான்கு செ.மீ. குறைந்திருந்தால் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம். கடைசியில் வருவது இடுப்பெலும்பு முறிவு. எழுபதைத் தாண்டியவர்களைப் படுக்கையில் கிடத்துவது பெரும்பாலும் அதுதான்.

ஐம்பதைக் கடந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,000 முதல் 1,200 மி.கி. கால்சியம் தேவை. நம் சமையலறையிலேயே இதில் பெரும்பகுதி கிடைக்கும்: 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. இருக்கிறது, ஒரு டம்ளர் பாலில் 240 மி.கி. வரை இருக்கும், முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி நல்ல வரவு. கால்சியத்தை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். வெயில் கொளுத்தும் நாட்டில் அதற்கா பஞ்சம் என்று தோன்றும். ஆனால் குறைபாடு இங்கே மிகப் பரவலாக இருக்கிறது. விடிகாலை இளவெயில் உடலுக்கு இதமானது, வைட்டமின் டி தருவதில் அது ஏமாற்றும். நம் நிழல் நம்மை விடக் குட்டையாக விழும் நேரத்து வெயில்தான் தோலில் அதை உண்டாக்குகிறது. வீட்டுக்குள்ளேயே நாளைக் கழிப்பவர்களுக்கு மாத்திரை தேவைப்படலாம். அளவை மருத்துவர் சொல்லட்டும்.

அடர்த்தி மிகவும் குறைந்தவர்களுக்கு வாரம் ஒருமுறை போடும் அலென்ட்ரோனேட் மாத்திரை தரப்படுகிறது. விளைவு கிடைக்காமல் போவதற்கு அதை விழுங்கும் முறையும் ஒரு காரணம். எழுந்தவுடன் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு போட வேண்டும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது, எதுவும் உண்ணக் கூடாது. காலைக் காபியோடு போட்டால் மருந்து உடலில் சேராது. போட்டுவிட்டுப் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி எடுத்துக்கொள்ள வேண்டும். "தைராய்டு மாத்திரை போட்டும் அளவு இறங்கவில்லை" என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த இடைவெளியைத்தான்.

எடை கூடுவதற்கு மாதவிடாய் நிற்பதை மட்டும் குறை சொல்ல முடியாது. முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைந்துகொண்டே வருகிறது. அதோடு உடல் செலவழிக்கும் சக்தியும் குறைகிறது, சாப்பாடு மட்டும் பழைய அளவிலேயே தொடர்கிறது. ஈஸ்ட்ரோஜன் போவதால் மாறுவது கொழுப்பு சேரும் இடம். தொடையிலும் இடுப்பிலும் சேர்ந்தது இப்போது வயிற்றுக்குள் சேர்கிறது. நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் வழிவிடுவது இந்த உட்கொழுப்புதான். தசையைக் காப்பாற்ற நடை மட்டும் போதாது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியை நாளுக்கு இரண்டு, மூன்று வேளை செய்வதும், ஓரளவு எடை தூக்குவதும் தேவை. புரதத்திலும் நம் வீட்டுப் பெண்கள் பின்தங்கியே இருக்கிறார்கள்: எல்லோருக்கும் பரிமாறி முடித்துத் தாம் உட்காரும்போது குழம்பும் ரசமும்தான் மிஞ்சியிருக்கும். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் என்ற அளவிலாவது முதிய வயதில் புரதம் வேண்டும். ஒரு முட்டை தருவது 6 கிராம் என்பதை வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

முழங்கால் வலிக்கும் இதே விடைதான் பாதி. குருத்தெலும்பு தேய்வது ஐம்பதுக்குப் பிறகு ஆண்களை விடப் பெண்களுக்கே அதிகம். ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமையில் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. தொடைத் தசை வலுப்பட்டால் மூட்டின் ஆட்டம் அடங்கும். மருந்துக்கடையில் பெயர் தெரியாத வலி மாத்திரையை மாதக்கணக்கில் வாங்கிப் போடுவதுதான் நான் அஞ்சும் செயல். அதில் ஸ்டீராய்டு இருந்தால் வலி மாயமாய்ப் போகும், எலும்பு கரையும், சர்க்கரை ஏறும். வேறு வலி மாத்திரையாக இருந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். காலையில் கை விரல்கள் ஒரு மணி நேரம் விறைத்துக் கிடந்தால், அது தேய்மானம் அன்று, முடக்குவாதமாக இருக்கலாம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

இனி யாரும் வாய்விட்டுச் சொல்லாத பகுதி. பிறப்புறுப்பும் சிறுநீர்ப் பாதையும் ஈஸ்ட்ரோஜனை நம்பி இருப்பவை. அது குறைந்ததும் பிறப்புறுப்பின் உட்தோல் மெலிந்து வறண்டுபோகிறது. அங்கு அமிலத்தன்மையைக் காத்துவந்த நல்ல நுண்ணுயிரிகள் குறைகின்றன. எரிச்சல், அரிப்பு, உறவின்போது வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று எல்லாம் தொடர்ந்து வருகின்றன. வெப்ப அலை காலப்போக்கில் அடங்கும், இந்த வறட்சி தானாக அடங்காது, ஆண்டுக்கு ஆண்டு கூடும். குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பை உள்ளே தடவினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் குணம் தெரிகிறது; இரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். அரிப்போடு வெள்ளைப்படுதல் திரும்பத் திரும்ப வந்தால் இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். நீரிழிவு இப்படித்தான் பலருக்கு முதன்முதலில் தெரியவருகிறது.

இருமினால், தும்மினால் சிறுநீர் கசிவது இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்ததால் வருவது. பிரசவங்களும், நாள்பட்ட மலச்சிக்கலும், பாரம் தூக்கியதும் முன்பே தளர்த்தி வைத்ததை வயது வெளிக்காட்டுகிறது. சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசைகளை இறுக்கி, சில விநாடிகள் பிடித்து, விட வேண்டும். ஒரு வேளைக்கு எட்டு முதல் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். பயிற்சியை இரண்டு வாரத்தில் விட்டுவிட்டு "பலனில்லை" என்பவர்களே அதிகம். அவசரமாக முட்டிக்கொண்டு வந்து, கழிவறை போய்ச் சேர்வதற்குள் கசிந்துவிடுவது வேறு வகை. அதற்கு மாத்திரைகள் உண்டு. வெளியூர்ப் பயணத்தில் கழிவறை கிடைக்காதென்று தண்ணீரே குடிக்காமல் இருப்பது தொற்றையே கொண்டுவரும். கீழே ஏதோ இறங்கி வருவதுபோல் தோன்றினால், அது கருப்பை இறக்கமாக இருக்கலாம்; கிராமத்தில் "அடி இறங்கிவிட்டது" என்பார்களே அதுதான். ஆரம்ப நிலையில் பயிற்சியும், உள்ளே வைக்கும் வளையமும் போதும், எல்லோருக்கும் அறுவை தேவையில்லை.

தோல், முடி, கண் ஆகியவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜனில் 30 சதவீதம் அளவுக்குக் குறைகிறது. தோட்டின் கனத்துக்கு இத்தனை காலம் ஈடுகொடுத்த காதுத்துளை நீளத் தொடங்குவது இதனால்தான். வகிடு அகலமாகும், மோவாயில் இரண்டொரு முடி முளைக்கும். ஊசியில் நூல் கோக்கக் கையை நீட்ட வேண்டியிருப்பது நாற்பதிலேயே தொடங்கியிருக்கும். விரல் கணுக்கள் தடித்து மோதிரம் கழற்ற வராது. இவை தொல்லைதான், ஆபத்தல்ல. ஆனால் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டி, குளிர் தாங்காமல், மலச்சிக்கலும் சேர்ந்திருந்தால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இதயம் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று. மாதவிடாய் நின்ற பிறகு கெட்ட கொழுப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. அதுவரை ஆண்களை விடக் குறைவாக இருந்த மாரடைப்பு வாய்ப்பு அதன்பின் அவர்களை நெருங்கத் தொடங்குகிறது. பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் வலியாக வருவதில்லை. மூச்சுத்திணறல், தாடை அல்லது முதுகு வலி, மேல்வயிற்று எரிச்சல், திடீர் வியர்வை என்று வரும். "வாயு" என்று சொல்லிப் பெருங்காயம் கலந்த மோரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். படபடப்பும் வியர்வையும் மாதவிடாய் நிற்பதிலும் வருவதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. வேலை செய்யும்போது வந்து, உட்கார்ந்தால் அடங்கும் எந்தத் தொந்தரவும் ஈசிஜி எடுக்காமல் விடத்தக்கதன்று.

அவசரம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பிறகு வரும் இரத்தக்கசிவைச் சொல்வேன். ஒரு துளியாக இருந்தாலும், ஒரே நாள் வந்து நின்றிருந்தாலும், "மறுபடி வந்துவிட்டது" என்று மகிழாமல் அந்த வாரமே காட்ட வேண்டும். பெரும்பாலும் வறட்சியோ சாதாரணச் சதை வளர்ச்சியோதான் காரணமாக இருக்கும். பத்தில் ஒருவர் அளவுக்குக் கருப்பைப் புற்றுநோயாக இருக்கக்கூடும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் அதைப் பெரும்பாலும் முழுமையாகக் குணப்படுத்திவிடலாம். மார்பில் புதிதாகத் தட்டுப்படும் கட்டிக்கும் இதே அவசரம் பொருந்தும், அது வலிக்காவிட்டாலும்.

உங்கள் அம்மாவை அழைத்துவரும்போது, "முழு உடல் பரிசோதனை" என்ற பொட்டலத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டிஎஸ்எச், சிறுநீர்ப் பரிசோதனை, கருப்பை வாய்ப் பரிசோதனை, மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராம் ஆகியவை போதும். எலும்பு முறிவு முன்பு ஏற்பட்டிருந்தாலோ, மெலிந்த உடலாக இருந்தாலோ, 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றிருந்தாலோ எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனையும் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றில் பெரும்பாலானவை அரசு மருத்துவமனைகளிலேயே கிடைக்கின்றன. கடைசியாக மாதவிடாய் வந்த மாதம், வீட்டில் யாருக்கேனும் மார்பகப் புற்றுநோய் வந்த விவரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்துப் பொட்டலங்கள் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். சிறுநீர்க் கசிவைப் பற்றி உங்கள் முன்னால் பேச அவர் கூச்சப்படலாம். சில நிமிடங்கள் அவரைத் தனியாக மருத்துவரிடம் விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருங்கள்.